இலவச பஸ்சை நம்பி விமானத்தைக் கோட்டை விடலாமா?

சென்னை, திருச்சியில் இருந்து கோலாலம்பூர் போய், அங்கே இறங்கி வேறு விமானம் பிடிக்கிறவர்கள் நாளுக்கு நாள் பெருகி வருகிறார்கள். ஆஸ்திரேலியாவில் மகன், பாலித் தீவுக்குச் சுற்றுலா, வியட்நாமுக்கு வியாபாரம் என்று ஆளுக்கு ஒரு காரணம். எல்லாருக்கும் பொதுவான இடம் கோலாலம்பூர் விமான நிலையம்.

அங்கே இரண்டு டெர்மினல்கள். ஒன்றில் இருந்து இன்னொன்றுக்குப் போக இலவச பஸ் உண்டு. ராத்திரி, பகல் எந்த நேரமும் ஓடுகிறது. டிக்கெட் கிடையாது. காசு கிடையாது.

"அதான் ஓசி பஸ் இருக்கே, அப்புறம் என்ன கவலை?" என்று கேட்கலாம். கவலை பஸ்சில் இல்லை. அந்த பஸ்சில் கால் வைப்பதற்கு முன்னால் செய்து முடிக்கவேண்டிய வேலைகளில் இருக்கிறது. அது தெரியாமல் போய் மாட்டிக்கொண்டால் போவது பஸ் கட்டணம் அல்ல, விமான டிக்கெட்.

3 மணி நேரம் போதுமா?

வழக்கமாக நடப்பது இதுதான். வீட்டில் பையனோ மருமகனோ கம்ப்யூட்டரில் தட்டிப் பார்க்கிறார். சென்னையில் இருந்து கோலாலம்பூருக்கு ஒரு கம்பெனியில் மலிவாக டிக்கெட் கிடைக்கிறது. அங்கிருந்து அடுத்த ஊருக்கு வேறு கம்பெனியில் மலிவு. இரண்டையும் தனித்தனியாக வாங்கினால் சில ஆயிரம் ரூபாய் மிச்சம். நடுவில் 3 மணி நேரம் இடைவெளி. "தாராளம்பா!" என்று வாங்கிவிடுகிறார்.

முதல் விமானம் ஏர் ஏசியா என்றால் அது போய் நிற்பது 2-வது டெர்மினல். மலேசியா ஏர்லைன்ஸ், பாடிக் ஏர் விமானங்கள் கிளம்புவது 1-வது டெர்மினல். இங்கேதான் சிக்கல் ஆரம்பம்.

இரண்டும் தனித்தனி டிக்கெட் என்பதால், பெட்டி தானாக அடுத்த விமானத்துக்குப் போகாது. பயணி மலேசியாவுக்குள்ளேயே நுழைந்தாக வேண்டும். அதாவது, விமானத்தை விட்டு இறங்கி, நீண்ட நடை நடந்து, பாஸ்போர்ட் சோதனை வரிசையில் நின்று, முத்திரை வாங்கி, பெட்டி வரும்வரை காத்திருந்து, சுங்கச் சோதனையைத் தாண்டி வெளியே வரவேண்டும். 2-வது டெர்மினலில் வெளியே வந்ததும் பஸ் கண்ணில் படாது. கடைகள் நிறைந்த பெரிய கட்டடம் ஒன்றைக் கடந்து, கீழ்த்தளத்துக்கு இறங்கினால்தான் பஸ் நிற்கும் இடம். பிறகு 1-வது டெர்மினலில் இறங்கி, புறப்பாடு தளத்துக்கு ஏறி, பெட்டியை மறுபடி எடை போட்டு, மறுபடி பாஸ்போர்ட் சோதனை, மறுபடி பாதுகாப்புச் சோதனை.

இதிலே இன்னொரு கணக்கு இருக்கிறது. வெளிநாட்டு விமானங்கள் பலவற்றில், புறப்பட 60 நிமிடம் இருக்கும்போதே பெட்டி வாங்கும் கவுண்டரை மூடிவிடுகிறார்கள். ஆகவே 3 மணி நேரம் என்பது உண்மையில் 2 மணி நேரம். சென்னை விமானம் அரை மணி தாமதமாகப் போனால் ஒன்றரை மணி. ஒரே சமயத்தில் நாலைந்து விமானங்கள் வந்து இறங்கி பாஸ்போர்ட் வரிசை அனுமார் வால் போல நீண்டிருந்தால், அந்த ஒன்றரை மணியும் அங்கேயே போய்விடும். இலவச பஸ்சின் வேகம் அப்போது எந்தப் பயனும் தராது.

விசா விஷயம்

நாட்டுக்குள் நுழையவேண்டும் என்றால் விசா வேண்டாமா? இந்தியர்களுக்கு 2023-ம் ஆண்டு டிசம்பர் 1-ந்தேதி முதல் மலேசியா விசா இல்லாமல் 30 நாள் தங்க அனுமதி கொடுத்திருக்கிறது. இந்தச் சலுகை 2026-ம் ஆண்டு டிசம்பர் 31-ந்தேதி வரை நீட்டிக்கப்பட்டது. அதற்குப் பிறகான தேதியில் பயணம் செய்பவர்கள் டிக்கெட் வாங்குவதற்கு முன்பே தூதரகத்தில் கேட்டுக்கொள்வது உத்தமம்.

விசா இல்லை என்றாலும் ஒரு படிவம் உண்டு. மலேசியாவுக்குள் நுழைபவர்கள் வருகை அட்டை ஒன்றை இண்டர்நெட் மூலம் முன்கூட்டியே பூர்த்தி செய்யவேண்டும். 2024 ஜனவரி முதல் இது கட்டாயம். பயணத்துக்கு 3 நாளுக்குள் செய்யவேண்டும். "நான் மலேசியாவுக்கே வரலை, ஆஸ்திரேலியாதான் போறேன்" என்று சொல்லிப் பயனில்லை. பெட்டியை எடுக்க வெளியே வந்தால் அவர் மலேசியாவுக்கு வந்தவர்தான். பாஸ்போர்ட் வரிசையில் நின்றுகொண்டு, செல்போனில் படிவம் நிரப்பத் தடுமாறும் பெரியவர்கள் இப்படித்தான் பின்னால் தள்ளப்படுகிறார்கள்.

சிங்கப்பூரில் இதே நிலைமை வந்தால் இன்னும் கஷ்டம். அங்கே இந்தியர்களுக்கு விசா வேண்டும். சாங்கி விமான நிலையத்தில் 1, 2, 3 டெர்மினல்களுக்கு இடையே இலவச ரெயில் ஓடுகிறது. 2017-ல் திறந்த 4-வது டெர்மினல் மட்டும் தனியாக இருப்பதால் அதற்கு இலவச பஸ். ஒரே டிக்கெட்டாக இருந்து, பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் போகும் என்றால், பாஸ்போர்ட் சோதனைக்கு வராமல் உள்ளுக்குள்ளேயே மாறிக்கொள்ளலாம். தனித்தனி டிக்கெட் வாங்கி, பெட்டியை எடுத்து மறுபடி போடவேண்டும் என்றால் வெளியே வரவேண்டும். விசா இல்லாதவர் எப்படி வெளியே வருவார்? இப்படிப்பட்ட டிக்கெட்டை வைத்துக்கொண்டு வருபவரைச் சென்னையிலேயே நிறுத்திவிடவும் கூடும்.

ஏன் இந்த இரண்டு கட்டடம்?

கோலாலம்பூரின் புதிய விமான நிலையம் செப்பாங்கில் 1998-ம் ஆண்டு திறக்கப்பட்டது. காட்டுக்கு நடுவே கண்ணாடி மாளிகை என்று பேர் வாங்கிய கட்டடம். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா வரைந்து கொடுத்தது. அப்போது ஒரே டெர்மினல்தான். மாறுவதற்கு பஸ்சே தேவைப்படவில்லை.

பிறகு மலிவுக் கட்டண விமானங்கள் வந்தன. அவர்களுக்கு மாளிகை வேண்டாம், கொட்டகை போதும், வாடகை குறைவாக இருந்தால் சரி. 2006 மார்ச்சில் ஓடுபாதையின் மறுபக்கம் தனிக் கட்டடம் கட்டிக் கொடுத்தார்கள். இங்கிருந்து பார்த்தால் அங்கே நிற்கும் விமானம் தெரியும். ஆனால் ரோடு வழியாகப் போனால் ஏறக்குறைய 20 கிலோமீட்டர்! ஓடுபாதையைச் சுற்றிக்கொண்டுதானே போகவேண்டும்? 8 வருடம் பயணிகள் அந்தச் சுற்றைச் சுற்றினார்கள். மூக்கைத் தொடத் தலையைச் சுற்றிய கதைதான்.

2014 மே மாதம் 2-ந்தேதி அதற்குப் பதிலாக இப்போதைய 2-வது டெர்மினல் திறந்தது. தூரம் 2 கிலோமீட்டராகக் குறைந்தது. ரெயிலும் வந்தது. அந்த ரெயிலில் ஏறினால் 3 நிமிடத்தில் அடுத்த டெர்மினல். கட்டணம் 2 ரிங்கிட். அங்குள்ள தமிழர்கள் பாஷையில் சொன்னால் 2 வெள்ளி. நம் காசுக்கு 40, 45 ரூபாய்.

இந்த 40 ரூபாயை மிச்சம் பிடிக்கத்தான் பலரும் இலவச பஸ்சைத் தேடிப் போகிறார்கள். நேரம் கையில் இருப்பவர்களுக்கு அது சரி. பஸ் வரக் காத்திருந்து, வழியில் நின்று, போய்ச் சேரலாம். அவசரத்தில் இருப்பவர்களுக்கு 40 ரூபாய் ரெயில்தான் மலிவு. ஆனால் நள்ளிரவு தாண்டிச் சில மணி நேரம் ரெயில் ஓடாது. அந்த நேரத்தில் இறங்குகிறவர்களுக்கு பஸ்சை விட்டால் டாக்சிதான்.

சுரங்கத்தில் நின்ற ரெயில்

இதோடு இன்னொன்றையும் குழப்பிக்கொள்கிறார்கள். 1-வது டெர்மினலிலேயே இரண்டு பகுதிகள் உண்டு. பிரதான கட்டடம் ஒன்று; விமானங்கள் வந்து நிற்கும் துணைக் கட்டடம் ஒன்று. இரண்டுக்கும் இடையே டிரைவர் இல்லாத குட்டி ரெயில். 'ஏரோ டிரெயின்' என்று பெயர். இது டெர்மினல் மாற்றும் ரெயில் அல்ல. ஒரே டெர்மினலுக்குள் ஓடுவது. பாஸ்போர்ட் சோதனைக்கு உட்புறம் இருப்பவர்களுக்கு உரியது.

இந்த ரெயில் பட்ட பாடு விமான நிலையங்களை நடத்துகிறவர்களுக்கெல்லாம் பாடம். 1998 முதல் ஓடி ஓடித் தேய்ந்துபோன ரெயில், 2023 மார்ச் 1-ந்தேதி ராத்திரி பயணிகளோடு பாதியில் நின்றுவிட்டது. 114 பேர் உள்ளே. அவர்களை இறக்கி நடக்கவைத்து வெளியே கொண்டுவந்தார்கள். மறுநாளே ரெயில் நிறுத்தப்பட்டது. புதிய ரெயில் 2025 ஜூலை 1-ந்தேதிதான் ஓட ஆரம்பித்தது. நடுவில் 2 வருடம் 4 மாதம். அவ்வளவு நாளும் வேலையைச் சுமந்தது யார்? பஸ்தான்!

மாளிகை போன்ற விமான நிலையம், மந்திரிகள் கூடித் திறந்த ரெயில் எல்லாம் இருக்க, கடைசியில் கை கொடுத்தது சாதாரண பஸ். பஸ்சை மட்டமாக நினைக்கிறவர்கள் இதை யோசிக்கவேண்டும். அதே சமயம், ரெயிலில் இரண்டு மூன்று நிமிடத்தில் போன தூரத்துக்கு, பஸ்சுக்காகப் படி இறங்கி, நின்று, ஏறி, மறுபடி இறங்கி, படி ஏறி என்று பயணிகள் பட்ட அவதியும் கொஞ்சம் அல்ல. இடைவெளி குறைவாக வைத்துக்கொண்டு வந்தவர்கள் ஓட்டமும் நடையுமாகத்தான் விமானத்தைப் பிடித்தார்கள்.

விமானம் போனால் யார் பொறுப்பு?

இதுதான் முக்கியமான கேள்வி. பணம் சம்பந்தப்பட்டது.

சென்னையில் இருந்து கடைசி ஊர் வரை ஒரே டிக்கெட், ஒரே புக்கிங் நம்பர் என்று இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைப் பிடிக்க முடியாமல் போனாலும் பயணியை அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது கம்பெனியின் பொறுப்பு. பெட்டியும் நேராகப் போய்விடும். மலிவுக் கட்டணக் கம்பெனிகளிலும் இப்படிச் சேர்த்து விற்கும் டிக்கெட் உண்டு. ஏர் ஏசியாவில் அதற்கு 'பிளை துரூ' என்று பெயர். விலை கொஞ்சம் கூட.

தனித்தனி டிக்கெட் என்றால், முதல் கம்பெனிக்கு அந்தப் பயணி கோலாலம்பூரோடு இறங்குகிறவர். இரண்டாவது கம்பெனிக்கு அவர் கோலாலம்பூரிலேயே ஏறுகிறவர். நடுவில் பஸ் தாமதமானதோ, பாஸ்போர்ட் வரிசை நீண்டதோ, சென்னையில் மழை பெய்ததோ இருவருக்கும் சம்பந்தம் இல்லாத விஷயம். "வரவில்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அன்றைக்கு அந்த இடத்தில் புது டிக்கெட் வாங்கும் விலை, மிச்சம் பிடித்த சில ஆயிரத்தைப் போலப் பல மடங்கு இருக்கும்.

இலவச பஸ் நடத்துகிற விமான நிலையமும் எந்த உத்தரவாதமும் கொடுப்பதில்லை. பஸ் விடுகிறோம், ஏறிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். ஓசியாகக் கிடைத்ததைப் பற்றி யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

விவரம் தெரிந்த டிராவல் ஏஜெண்டுகள் இப்படி டெர்மினல் மாறும் பயணத்துக்கு 5, 6 மணி நேரமாவது விட்டு டிக்கெட் போடுவார்கள். அடுத்த விமானம் நாளைக்கு ஒன்றுதான் என்றால் ஒரு ராத்திரி தங்கிப் போவதே மேல். கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லாது. அது விலையை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும். எந்த டெர்மினல் என்பது டிக்கெட்டின் மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும்.

டெல்லி, பம்பாய் மட்டும் என்ன வாழ்கிறது?

நம் நாட்டிலும் இதே கதைதான். மும்பையில் 1-வது டெர்மினல் சாந்தாகுரூஸ் பக்கம், 2-வது டெர்மினல் சகார் பக்கம். இரண்டும் ஒரே விமான நிலையம் என்று பேர். நடுவில் மும்பையின் டிராபிக் இருக்கிறது. இணைப்பு விமானம் பிடிக்கிற பயணிகளுக்கு இலவச பஸ் உண்டு. வழியனுப்ப வந்தவர்களுக்குக் கிடையாது. 2024 அக்டோபரில் சுரங்க மெட்ரோ வந்த பிறகு இரண்டு டெர்மினலுக்கும் ஸ்டேஷன் கிடைத்தது. நடுவில் ஒரே ஒரு ஸ்டேஷன்தான். சில்லறைக் காசில் டிராபிக்கில் சிக்காமல் போய்விடலாம். மும்பைக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள்.

டெல்லியில் இது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது. 1-வது டெர்மினலுக்கு ஒரு மெட்ரோ ஸ்டேஷன். 3-வது டெர்மினலுக்கு ஒரு மெட்ரோ ஸ்டேஷன். ஆனால் ஒன்றில் இருந்து மற்றொன்றுக்கு நேராக மெட்ரோ கிடையாது! ஊருக்குள் போய், வண்டி மாறி, மறுபடி விமான நிலையத்துக்கே திரும்பி வரவேண்டும். ஆகவே அங்கே பஸ்சும் டாக்சியும்தான் கதி. டெர்மினல்களை இணைக்கத் தனி ரெயில் விடும் திட்டம் இருக்கிறது. 2024-ல் டெண்டர் கேட்டார்கள்.

இதற்கு நடுவே 2024 ஜூன் 28-ந்தேதி பெய்த மழையில் 1-வது டெர்மினலின் முகப்புக் கூரை இடிந்து விழுந்து ஒரு டாக்சி டிரைவர் உயிரிழந்தார். டெர்மினல் மூடப்பட்டு விமானங்கள் மற்ற டெர்மினல்களுக்கு மாறின. பிறகு 2025 ஏப்ரலில் 2-வது டெர்மினலைப் பழுதுபார்க்க மூடி, அக்டோபரில் திறந்தார்கள். ஒவ்வொரு தடவையும் பயணிகள் டெர்மினல் மாறிப் போய் நின்று தவித்தார்கள். டெல்லி போகிறவர்கள் புறப்படும் நாளில் டெர்மினல் எது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது பிழைக்கும் வழி.

மீனம்பாக்கம் தேவலை

இதையெல்லாம் பார்க்கும்போது நம் மீனம்பாக்கம் எவ்வளவோ தேவலை என்று சொல்லத் தோன்றும். உள்நாட்டு டெர்மினலும் வெளிநாட்டு டெர்மினலும் ஒரே வளாகத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. 1, 2, 4 என்று நம்பர் போட்டிருக்கிறார்களே, 3 எங்கே என்று தேடவேண்டாம். 2023-ல் திறந்த புதிய வெளிநாட்டு டெர்மினலின் அடுத்த கட்டத்துக்காக அது இடிக்கப்பட்டுவிட்டது. மதுரையில் இருந்தோ தூத்துக்குடியில் இருந்தோ வந்து இறங்குகிறவர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தே போய்விடலாம். முடியாதவர்களுக்கு பேட்டரி கார் இருக்கிறது. கூட்ட நேரத்தில் அதற்கும் நிற்கத்தான் வேண்டும். ஆனால் விமானத்தை விடும் அளவுக்கு தூரம் கிடையாது. ஒரு காலத்தில் மேலே இருந்து கண்ணாடி விழுமோ என்ற பயம் மட்டும்தான் இருந்தது. அது எத்தனையாவது முறை என்று பத்திரிகைகள் எண்ணி எண்ணி எழுதின.

இந்தச் சவுகரியம் நீடிக்குமா?

பரந்தூர் வந்தால்?

சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் காஞ்சீபுரம் மாவட்டம் பரந்தூரில் என்று 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. 5 ஆயிரம் ஏக்கருக்கு மேல் நிலம். ஏகனாபுரம் உள்ளிட்ட கிராமங்களின் மக்கள் வீடும் ஏரியும் வயலும் போகிறது என்று 2022 முதலே போராட்டத்தில் இறங்கினார்கள். 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. நிலப் பிரச்சினை ஒருபக்கம் இருக்கட்டும். அது தனியாகப் பேசவேண்டிய பெரிய பிரச்சினை.

பயணிகள் பக்கம் இருந்து கேட்க வேண்டியது வேறு. பரந்தூர் வந்தாலும் மீனம்பாக்கம் மூடப்படாது, இரண்டும் சேர்ந்தே இயங்கும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. அப்படியானால் எந்த விமானம் எங்கே? மதுரையில் இருந்து வரும் விமானம் மீனம்பாக்கத்திலும், துபாய் விமானம் பரந்தூரிலும் என்று பிரித்தால், நடுவில் பயணியை யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது? பரந்தூர் சென்னையில் இருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர். இது 2 கிலோமீட்டர் பஸ் விவகாரம் அல்ல. ஸ்ரீபெரும்புதூர் லாரிகளுக்கு நடுவே போகவேண்டிய பயணம்.

கனடாவில் மாண்ட்ரியல் நகரம் இதைச் செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டது. 1975-ல் மிராபெல் என்ற இடத்தில், நகரத்தில் இருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளிப் பிரம்மாண்டமான விமான நிலையம் கட்டினார்கள். விவசாயிகளை வெளியேற்றித்தான் அதையும் கட்டினார்கள். வெளிநாட்டு விமானம் அங்கே, உள்நாட்டு விமானம் பழைய டோர்வாலில் என்று பிரித்தார்கள். நடுவில் வேக ரெயில் விடுவதாகச் சொன்னது வரவே இல்லை. பயணிகள் பஸ்சில் அலைந்தார்கள். கொஞ்ச காலத்தில், "மாண்ட்ரியலில் மாறுவதைவிட டொராண்டோவில் மாறிக்கொள்ளலாம்" என்று போக ஆரம்பித்துவிட்டார்கள். 2004-ல் மிராபெல்லில் பயணிகள் விமானமே நின்றுபோனது. கட்டடத்தைப் பிறகு இடித்துவிட்டார்கள்.

சென்னையில் மாறுவது கஷ்டம் என்றால் மதுரைக்காரரும் தூத்துக்குடிக்காரரும் பெங்களூருக்கோ கொச்சிக்கோ போய்விடுவார்கள். அவர்களை யாரும் கட்டிப்போட முடியாது.

பரந்தூருக்கு மெட்ரோ ரெயில் திட்டம் ஒன்று தீட்டப்பட்டிருக்கிறது. பூந்தமல்லியில் இருந்து ஏறக்குறைய 53 கிலோமீட்டர். நல்லதுதான். ஆனால் அது கிளம்புவது பூந்தமல்லியில். விமான நிலையத்து மெட்ரோ இருப்பது மீனம்பாக்கத்தில். எல்லாப் பாதையும் முடிந்தாலும், மெட்ரோவின் வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தால், மீனம்பாக்கத்தில் ஏறுகிற பயணி வழியில் இறங்கி வண்டி மாறி, பிறகு பூந்தமல்லி வழியாகப் போகவேண்டியிருக்கும். கையில் 30 கிலோ பெட்டி.